பழைய கேசட்டும் புதிய பெட்டியும்

தீபாவளிக்கு முன் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்வது பினாங்கில் தமிழர் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதான். அப்படி ஒருமுறை ஜார்ஜ்டவுனில் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டை ஒழித்தபோது பழைய பிஸ்கட் டின் ஒன்று கிடைத்தது. உள்ளே நான்கு கேசட்டுகள். 1990களில் சிறுபிள்ளைகளாக இருந்தவர்களுக்கு அவை என்னவென்று விளக்கத் தேவையில்லை. மைக்ரோ ஜீனியஸ் பெட்டியில் செருகி விளையாடிய வீடியோ கேம் கேசட்டுகள் அவை. பெட்டி எப்போதோ பழுதாகிக் குப்பைக்குப் போய்விட்டது. கேசட்டுகள் மட்டும் தங்கிவிட்டன.

அருகில் இருந்த அக்காள் மகனுக்கு வயது 13. ஒரு கேசட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இத என் பிளேஸ்டேஷன்ல போட முடியாதா?" என்று கேட்டான். முடியாது என்றேன். "ஏன்? எவ்வளவு பெரிய கேமெல்லாம் அதுல ஓடுது, இந்தச் சின்ன கேம் ஓடாதா?" என்றான்.

நியாயமான கேள்விதான். பெரிய பாத்திரத்தில் சிறிய அளவு சோறும் சமைக்கலாம் அல்லவா? பல்லாயிரம் மடங்கு ஆற்றல் கொண்ட புதிய பெட்டி, முப்பது ஆண்டுகளுக்கு முந்திய எளிய விளையாட்டை ஏன் இயக்கக்கூடாது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் அது விளையாட்டோடு நிற்பதில்லை. நமது சங்கத்தின் பழைய ஆண்டிதழ்கள் வரை வந்து சேர்கிறது. எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

பின்னிணக்கம் என்றால் என்ன?

ஒரு புதிய கருவி, தனக்கு முந்திய கருவிக்காகச் செய்யப்பட்டவற்றையும் ஏற்று இயக்கும் தன்மையைப் பின்னிணக்கம் எனலாம். பின்னால் இருப்பதோடு இணங்கிப் போவது என்று பொருள். டிவிடி கருவிகள் வந்தபோது நம் வீட்டு விசிடி வட்டுகளைத் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை. பெரும்பாலான டிவிடி கருவிகளில் அவையும் ஓடின. அது பின்னிணக்கம். ஒலிநாடாக்களைக் குறுவட்டுக் கருவியில் போட முடியாது. அங்கே பின்னிணக்கம் இல்லை.

வீடியோ கேம் உலகில் இது ஒவ்வொரு தலைமுறையிலும் எழும் கேள்வி. ஏறக்குறைய ஐந்து முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பெட்டி வருகிறது. அதுவரை சேர்த்து வைத்த விளையாட்டுகளின் கதி என்ன? பெட்டியின் விலையைவிட அந்த விளையாட்டுகளுக்குச் செலவிட்ட மொத்தப் பணம் அதிகமாக இருப்பதும் உண்டு.

ஏன் இயல்பாகவே ஒத்துப்போவதில்லை?

விசிடி வட்டில் இருப்பவை படமும் ஒலியும். அவற்றைப் படித்துத் திரையில் காட்டத் தெரிந்த எந்தக் கருவியும் அந்த வேலையைச் செய்துவிடும். விளையாட்டுக் கேசட்டில் இருப்பவையோ கட்டளைகள். அதுவும் ஒரு குறிப்பிட்ட சில்லுக்கு, அதன் மொழியில், அதன் வேகத்துக்கு ஏற்ப எழுதப்பட்ட கட்டளைகள்.

சமையலை எடுத்துக்கொள்வோம். "மூன்று விசில் வந்ததும் இறக்கவும்" என்று ஒருவர் குறிப்பு எழுதித் தருகிறார். குக்கர் வைத்திருப்பவருக்கு அது தெளிவான கட்டளை. மண்சட்டி வைத்திருப்பவருக்கு அந்தச் சொற்கள் புரிந்தாலும் பயனில்லை, ஏனெனில் மண்சட்டி விசில் அடிப்பதில்லை. அவரது அடுப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நிலைமை அதுதான். புதிய பெட்டியின் ஆற்றல் மட்டும் ஏன் போதாது என்பதற்கு இதுவே விளக்கம்.

1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியில் 6502 என்ற செயலியின் வழிவந்த 8 பிட் சில்லு இருந்தது. அதன் முதன்மை நினைவகம் வெறும் 2 கிலோபைட். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரை அதற்குள் அடங்காது. அவ்வளவு குறுகிய இடத்தில் விளையாட்டு எழுதியவர்கள், தொலைக்காட்சித் திரையில் ஒவ்வொரு கோடும் வரையப்படும் நேரத்தைக்கூடக் கணக்கிட்டுத்தான் கட்டளைகளை அமைத்தார்கள். சில்லு சற்று வேகமாக ஓடினாலும் படம் குலையும், ஓசை மாறும். அந்த விளையாட்டுகளைப் பொறுத்தவரை பெட்டிதான் இலக்கணம். பெட்டி மாறினால் விளையாட்டு பிழையாகிவிடும்.

நம் ஊரில் பரவலாகக் கிடைத்த மைக்ரோ ஜீனியஸ், இந்த ஃபேமிகாமைப் பார்த்துத் தைவானில் செய்யப்பட்ட நகல் பெட்டி. ஃபேமிகாமின் 60 ஊசிக் கேசட்டை அது அப்படியே ஏற்றுக்கொண்டது. பினாங்குப் பிள்ளைகள் பலருக்கு அறிமுகமான முதல் கேம் பெட்டி, நிண்டெண்டோவின் அசலாக இல்லாமல் இந்த நகலாக இருந்தது. நிண்டெண்டோ தனது ஃபேமிகாம் உற்பத்தியை 2003இல் நிறுத்திவிட்டது. மலிவான நகல் பெட்டிகளோ அதன் பிறகும் வந்துகொண்டே இருந்தன. அசலைச் செய்தவர் கைவிட்ட கேசட்டுகளுக்கு நகல் செய்தவர்களே ஆயுள் கொடுத்தார்கள் என்பது வேடிக்கையான உண்மை.

மூன்று வழிகள்

பழையதை ஓட்டப் புதிய பெட்டிக்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவு எங்கே விழுகிறது என்பதில்தான் வேறுபாடு.

முதலாவது, பழைய சில்லையே புதிய பெட்டிக்குள் வைத்துவிடுவது. அட்டாரி 2600 என்ற பெட்டி 1977இல் வந்தது. 1982இல் வந்த அட்டாரி 5200 அதன் கேசட்டுகளை ஏற்கவில்லை. வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தபின் தனியே ஓர் இணைப்புக் கருவியை விற்க வேண்டியதாயிற்று. அந்த அனுபவத்துக்குப் பிறகு வடிவமைக்கப்பட்ட அட்டாரி 7800 பெட்டிக்குள் 2600இன் படச் சில்லையும் சேர்த்தே வைத்தார்கள். பழைய கேசட்டுகளில் ஏறத்தாழ எல்லாமே அதில் ஓடின.

இந்த வழியை மிக நேர்த்தியாகக் கையாண்டது 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2. முதல் பிளேஸ்டேஷனின் செயலி அதற்குள் இருந்தது. ஆனால் அது சும்மா இருக்கவில்லை. புதிய விளையாட்டு ஓடும்போது கைப்பிடியின் பொத்தான்களைக் கவனிப்பது, நினைவக அட்டையில் எழுதுவது போன்ற எடுபிடி வேலைகளைச் செய்தது. பழைய வட்டைப் போட்டால் அதுவே மீண்டும் தலைவனாகி விளையாட்டை நடத்தியது. ஓய்வுபெற்ற தாத்தாவைக் கடையில் கல்லாவுக்கு உட்கார வைப்பது போன்ற ஏற்பாடு. சம்பளமும் வீணாகவில்லை, பழைய வாடிக்கையாளர்களும் போகவில்லை. உலகெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்ற பெட்டி இது. அதற்குப் பின்னிணக்கம் மட்டுமே காரணமன்று. ஆனால் வெளிவந்த முதல் நாளே அதற்கெனப் பெரிய விளையாட்டுத் தொகுப்பு ஒன்று தயாராக இருந்ததற்குப் பின்னிணக்கமே காரணம்.

சேகாவின் மெகா டிரைவ், நிண்டெண்டோவின் கேம்பாய் அட்வான்ஸ் ஆகியவையும் இதே வழியில் சென்றவைதான். 2001இல் வந்த கேம்பாய் அட்வான்சுக்குள் 1989ஆம் ஆண்டின் கேம்பாய் கேசட்டுகளுக்காகவே ஒரு 8 பிட் செயலி தனியாக இருந்தது.

இரண்டாவது வழி, ஒரே குடும்பத்துச் சில்லைத் தொடர்ந்து பயன்படுத்துவது. 2006இல் வந்த வீ என்ற பெட்டியின் செயலி, முந்திய கேம்கியூபின் செயலியை அப்படியே வேகப்படுத்தியது போன்றது. 485 மெகாஹெர்ட்ஸ் 729 ஆனது. மொழி மாறவில்லை. எனவே பழைய விளையாட்டு இயல்பாகவே ஓடியது. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, 2013ஆம் ஆண்டின் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றை இயக்குவதும் இப்படித்தான். இரண்டிலும் இருப்பவை ஏஎம்டி வடிவமைத்த, எக்ஸ்86 குடும்பத்துச் செயலிகள்.

எக்ஸ்86 என்றதும் பினாங்குக்காரர்கள் சற்று நிமிர்ந்து உட்காரலாம். அந்தக் குடும்பத்தின் இரு பெரும் நிறுவனங்களான இன்டெல், ஏஎம்டி இரண்டும் 1972இலேயே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வந்தவை. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் ஆலை இங்குதான் எழுந்தது. ஆலைப் பேருந்தில் ஷிப்ட் வேலைக்குப் போய்வந்த அம்மாக்களையும் அத்தைமார்களையும் நம்மில் பலர் அறிவோம். இன்டெல் 1978இல் வெளியிட்ட 8086 என்ற செயலியிலிருந்து தொடங்குகிறது இந்த எக்ஸ்86 வம்சம். இன்று நம் மடிக்கணினிகளில் உள்ள அந்த வம்சத்துச் செயலிகள், மின்சாரம் வந்த முதல் நொடியில் அந்த 8086 போலவே 16 பிட் நிலையில்தான் விழிக்கின்றன. பிறகுதான் தம் முழு வடிவத்துக்கு மாறுகின்றன. இந்தப் பழஞ்சுமையை இறக்கிவிடலாம் என்று 2023இல் இன்டெல் ஒரு திட்டத்தை முன்வைத்தது. 2024இல் அதைக் கைவிட்டுவிட்டது. பின்னிணக்கம் ஒரு பழக்கமாக வேரூன்றிவிட்டால் பிடுங்குவது எளிதன்று.

மூன்றாவது வழி, பழைய பெட்டியைப் போல நடிக்கும் மென்பொருளை எழுதுவது. இதனை எமுலேட்டர் என்பார்கள். பழைய கட்டளை ஒன்றைப் படித்து, பழைய சில்லு என்ன செய்திருக்குமோ அதைப் புதிய சில்லின் பல கட்டளைகளால் செய்துகாட்டும். உடனுக்குடன் மொழிபெயர்க்கும் துபாஷி ஒருவர் இடையில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பேச்சு ஒன்றுதான், ஆனால் நேரமும் உழைப்பும் கூடுதல். எனவே புதிய பெட்டி பழையதைவிடப் பல மடங்கு ஆற்றலுடன் இருக்க வேண்டும்.

மைக்ரோசாப்ட் சென்ற வழி இது. 2001ஆம் ஆண்டின் எக்ஸ்பாக்சில் இருந்தது பென்டியம் 3 வழிவந்த இன்டெல் செயலி. 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360இல் இருந்தது ஐபிஎம் செயலி. மொழியே வேறு. ஒவ்வொரு பழைய விளையாட்டையும் தனித்தனியே சோதித்து, ஓடுபவற்றைப் பட்டியலிட்டு வெளியிட்டார்கள். 2007க்குப் பிறகு அந்தப் பட்டியல் நீளவில்லை. 2013இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் மீண்டும் எக்ஸ்86 குடும்பத்துக்குத் திரும்பியதால் 360இன் விளையாட்டுகள் ஓடாமல் போயின. 2015 நவம்பரில் எமுலேட்டர் தயாராகி 104 விளையாட்டுகளுடன் அந்தக் கதவு திறந்தது. 2021 நவம்பரில் எழுபதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளைக் கடைசியாகச் சேர்த்தபோது, தொழில்நுட்பமும் உரிமைச் சட்டங்களும் அனுமதிக்கும் எல்லையை எட்டிவிட்டதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது.

உரிமை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஒரு விளையாட்டில் வரும் பாடலுக்கு, காருக்கு, விளையாட்டு வீரரின் பெயருக்கு எனத் தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கும். ஒப்பந்தம் முடிந்திருக்கலாம், தயாரித்த நிறுவனமே மூடப்பட்டிருக்கலாம். அப்போது யாரிடம் அனுமதி கேட்பது? பொறியாளரால் தீர்க்க முடிந்த சிக்கல் வழக்கறிஞரிடம் போய் நின்றுவிடுகிறது.

செலவை யார் ஏற்பது?

பின்னிணக்கம் எப்படிக் கைவிடப்படுகிறது என்பதற்குப் பிளேஸ்டேஷன் 3 தக்க எடுத்துக்காட்டு. 2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அது வெளிவந்தபோது, பிளேஸ்டேஷன் 2இன் முதன்மைச் செயலி, படச் சில்லு இரண்டுமே அதற்குள் இருந்தன. பழைய வட்டுகள் நன்றாக ஓடின. ஆனால் 60 ஜிகாபைட் பெட்டியின் விலை அமெரிக்காவில் 599 டாலர். அந்த விலைக்கு விற்றும் சோனிக்கு நட்டமே.

எதைக் குறைப்பது என்று பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டவை அந்தப் பழைய சில்லுகள்தாம். 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு வந்த பெட்டியில் பழைய செயலி இல்லை. படச் சில்லு மட்டும் இருந்தது. செயலியின் வேலையை மென்பொருள் ஏற்றது. அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் வந்த 40 ஜிகாபைட் பெட்டியில் படச் சில்லும் போயிற்று. பிளேஸ்டேஷன் 2 வட்டுகளுக்கு அதில் இடமில்லை. வெளியில் பார்த்தால் ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே தோற்றம். ஓராண்டுக்குள் உள்ளே இருந்த வாக்குறுதி மட்டும் படிப்படியாகக் காணாமற்போனது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் உண்டு. புதிய பெட்டி வாங்கியவர்களில் பலர் முதல் சில மாதங்கள்தான் பழைய வட்டைத் தேடுகிறார்கள். பிறகு புதியவற்றுக்கு மாறிவிடுகிறார்கள். சிலருக்கு மட்டும் பயன்படும் சில்லுக்கு எல்லாரும் ஏன் விலை கொடுக்க வேண்டும்? பழைய சுமையின்றிப் புதிதாகத் தொடங்கினால் வடிவமைப்பும் எளிதாகிறது. நிண்டெண்டோ 1990இல் சூப்பர் ஃபேமிகாமை வெளியிட்டபோது அதில் ஃபேமிகாம் கேசட்டுகள் ஓடவில்லை. அதற்காக அது தோற்றுவிடவில்லை. காலத்துக்கேற்பப் பழையது விலகிப் புதியது இடம்பெறுவதைக் குற்றமாகக் கொள்ள வேண்டாம் என்று நம் நன்னூலும் இலக்கணம் வகுத்திருக்கிறது.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நிறுவனம் அந்தச் செலவை ஏற்கவில்லை என்றால் அது மறைந்துவிடுவதில்லை. வேறொருவர் தலையில் விழுகிறது. பழைய பெட்டியைப் பழுதுபார்த்துப் பாதுகாக்கும் வாடிக்கையாளர் அதை ஏற்கிறார். அல்லது அதே விளையாட்டை மறுபதிப்பாக இன்னொரு முறை காசு கொடுத்து வாங்குகிறார். அல்லது ஊதியமின்றி எமுலேட்டர் எழுதும் ஆர்வலர்கள் ஏற்கிறார்கள். ஒருவரும் ஏற்காதபோது அந்தப் படைப்பு அழிகிறது.

பெட்டி மட்டும் போதுமா?

சரி, பழைய பெட்டியையே பத்திரமாக வைத்துக்கொண்டால் என்ன? அதுவும் எளிதன்று. வாத்துச் சுடும் விளையாட்டை நினைவிருக்கிறதா? அதன் துப்பாக்கி, பழைய குழாய்த் தொலைக்காட்சி திரையில் ஒளிக்கோடு வரையும் முறையைக் கொண்டே குறியைக் கண்டறிந்தது. இன்றைய தட்டைத் திரையில் அந்த முறை இல்லை. பெட்டி, கேசட், துப்பாக்கி மூன்றும் நல்ல நிலையில் இருந்தாலும் ஒரு வாத்தும் விழாது. விளையாட்டின் நிலையைச் சேமிக்கும் கேசட்டுகள் பலவற்றுக்குள் சிறு மின்கலம் ஒன்று உண்டு. அது தீர்ந்தால் சேமித்தவை அழியும்.

கேசட்டே இல்லாத காலத்தில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. இணையக் கடையில் பதிவிறக்கி வாங்கிய விளையாட்டுகளுக்குக் கடையே ஆதாரம். நிண்டெண்டோ தனது வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கான இணையக் கடைகளில் விற்பனையை 2023 மார்ச் 27இல் நிறுத்தியது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29இல் மூடப்பட்டது. அங்கு மட்டுமே கிடைத்த விளையாட்டுகளை இனிப் புதிதாக ஒருவர் வாங்க இயலாது.

அமெரிக்காவில் உள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்பது அதன் முடிவு. பத்தில் ஒன்றுக்குச் சற்றே அதிகமானவை மட்டும் கடையில் கிடைக்கின்றன. ஒரு மொழியின் நூல்களுக்கு இப்படி நேர்ந்தால் நாம் பதறுவோம் அல்லவா?

நம் எழுத்துக்கும் இதே கதைதான்

இந்த இடத்தில்தான் அக்காள் மகன் கேட்ட கேள்வி நம் சங்கத்தின் வாசலுக்கு வருகிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன் கணினியில் தட்டச்சான தமிழ் எல்லாம் விளையாட்டுக் கேசட்டைப் போன்றதே. ஒரு குறிப்பிட்ட எழுத்துருவுக்காக மட்டும் எழுதப்பட்டது அது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையே குறியேற்றம். 1980களின் நடுப்பகுதியில் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கிய காலம் தொட்டு, தமிழுக்குப் பற்பல எழுத்துருக்கள் வந்தன. அவை பெரும்பாலும் ஆளுக்கோர் அட்டவணை வைத்திருந்தன. ஒன்றில் தட்டச்சு செய்ததை மற்றொன்றில் திறந்தால் எழுத்துகள் குலைந்து தெரியும். பெட்டிக்கு ஒரு கேசட் என்ற அதே நிலை.

இதைச் சீர்செய்ய 1990களின் இறுதியில் உலகத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கூடி விவாதித்து டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின் தமிழ்நாடு அரசு தாம், தாப் என்ற இரு தரங்களை ஏற்றது. 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. இதற்கிடையே உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒருங்குறி அட்டவணையில் தமிழுக்கு 1991இலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000 அதனை ஏற்ற பிறகு மெல்ல மெல்ல எல்லாரும் அங்கு குடியேறினார்கள்.

டிஸ்கியில் 'அ' என்ற எழுத்தின் எண் 171. ஒருங்குறியில் அது 2949. டிஸ்கியில் எழுதிய கோப்பை உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், 'அ' இருக்க வேண்டிய இடத்தில் ஐரோப்பிய மேற்கோள் குறி ஒன்று நிற்கும். கோப்பு அழியவில்லை. ஒரு பைட்டும் குறையவில்லை. ஆனால் அதைத் தமிழாகக் காட்டும் பெட்டி இல்லை.

எமுலேட்டர் எழுதிய ஆர்வலர்களைப் போன்றோர் நம்மிடையேயும் இருந்தார்கள் என்பது ஆறுதல். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் வழி மின்வடிவாக்கியது. டிஸ்கியில் வெளியிட்ட நூல்களை அவர்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றினார்கள். யாரோ அமர்ந்து அந்த வேலையைச் செய்ததால்தான் இன்று நாம் கைப்பேசியிலேயே சங்க இலக்கியத்தைத் தேடிப் படிக்கிறோம்.

ஒருங்குறியிடம் ஒரு நற்குணம் உண்டு. ஓர் எழுத்துக்கு எண் கொடுத்துவிட்டால் அதை மாற்றுவதோ நீக்குவதோ இல்லை என்பது அதன் எழுதப்பட்ட கொள்கை. கொரிய எழுத்துகளை 1996இல் இடம் மாற்றியதால் பழைய கோப்புகள் பட்ட பாட்டைப் பார்த்தபின் எடுத்த முடிவு அது. விளையாட்டுப் பெட்டி செய்பவர்கள் தரத் தயங்கும் வாக்குறுதியை எழுத்து அட்டவணை நமக்குத் தந்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

அந்த வாக்குறுதி ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தவற்றுக்கு மட்டுமே. வராதவை இன்னும் இருக்கின்றன. 2000களின் தொடக்கத்தில் மாணவர் சங்கங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். கட்டுரைகள் பழைய எழுத்துருவில் தட்டச்சாகி, பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்து, நெகிழ்வட்டில் அச்சகத்துக்குப் போகும். அச்சான இதழ் நூலகத்துக்கும் வீட்டுக்கும் வரும். கோப்பு இருந்த வட்டு ஏதோ ஓர் இழுப்பறைக்குள் போகும்.

அந்த வட்டை இன்று எடுத்தால் மூன்று பூட்டுகளைத் திறக்க வேண்டும். நெகிழ்வட்டைப் படிக்கும் கருவி முதல் பூட்டு. சோனி நிறுவனம் ஜப்பானில் நெகிழ்வட்டு விற்பனையையே 2011இல் நிறுத்திவிட்டது. பேஜ்மேக்கர் இரண்டாவது. 2001இல் வந்த 7.0 பதிப்போடு அது முடிந்தது. 2012ஆம் ஆண்டின் இன்டிசைன் சிஎஸ்6 வரை அந்தக் கோப்புகளைத் திறந்தது. பிறகு வந்த பதிப்புகள் திறப்பதில்லை. எழுத்துரு மூன்றாவது. மூன்றில் ஒன்று திறக்காவிட்டாலும் உள்ளிருக்கும் கவிதையும் கட்டுரையும் நமக்கில்லை.

இந்த வேலை இப்போது இயலும். இன்னும் சில ஆண்டுகள் கழித்து இயலுமா என்பது ஐயமே. நெகிழ்வட்டின் காந்தப் பூச்சு காலப்போக்கில் கெடும். எனவே முன்னாள் மாணவர்களிடமும் இன்றைய உறுப்பினர்களிடமும் சில வேண்டுகோள்கள்.

பழைய வட்டுகள் இருந்தால் முதலில் உள்ளிருப்பதை அப்படியே வேறு இடத்துக்கு நகலெடுங்கள். திறக்கிறதா இல்லையா என்பதைப் பிறகு பார்க்கலாம். எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அந்த எழுத்துருக் கோப்பு கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள். எழுத்துரு தெரிந்துவிட்டால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளைக் கொண்டு பெரும்பாலானவற்றை ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடலாம். மாற்றியபின் அச்சுப் பிரதியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றிகள் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போடுவதுண்டு. கோப்பு கிடைக்கவே இல்லையென்றால் அச்சான இதழையாவது படமெடுத்துச் சேமியுங்கள்.

இனி வரும் இதழ்களுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். பக்கம் அமைத்த கோப்போடு நின்றுவிடாமல், கட்டுரைகளை வெறும் ஒருங்குறி உரையாகவும் ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். அலங்காரம் இல்லாத உரைக்கோப்புதான் எல்லாப் பெட்டியிலும் ஓடும் கேசட். இதற்கு ஆகும் நேரம் ஒரு மாலைப் பொழுது.

அக்காள் மகனுக்கு அன்று இத்தனையும் சொல்லவில்லை. "இத ஓட்டுற மாதிரி உன் பெட்டியைச் செய்யணும்னு யாரும் நினைக்கல, அதான் ஓடாது" என்று மட்டும் சொன்னேன். "அப்ப இது வேஸ்டா?" என்றான். இல்லை என்றேன். பிறகு இணையத்தில் தேடி நகல் பெட்டி ஒன்றை வாங்கினோம். நான்கு கேசட்டுகளில் மூன்று ஓடின. நான்காவதைத் துடைத்தும் பார்த்தோம், ஊதியும் பார்த்தோம். ஓடவில்லை.

சங்கத்தின் பழைய வட்டுகளில் எத்தனை ஓடும் என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு முதலில் அவற்றை இழுப்பறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டும்.